அடுக்கில் மிஞ்சிய தட்டு

விடுதி விண்ணப்பத்தில் பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையெழுத்திட வேண்டிய இடத்தில் அக்ஷயா கையெழுத்திட்டாள். மாணவி கையெழுத்திட வேண்டிய இடத்தில் அவளுடைய அம்மா குசுமாவதி கையெழுத்திட்டார். வார்டன் கஸ்தூரி இரண்டையும் பார்த்துவிட்டுப் புன்னகைத்தார்.

"இடம் மாத்திப் போட்டுட்டீங்கம்மா. வேற ஃபார்ம் தரட்டுமா?"

"மாத்தலைங்க மேடம். படிக்கறது நான்தான்," என்றார் குசுமாவதி.

கஸ்தூரிக்கு வயது முப்பதைத் தாண்டி அதிக காலம் ஆகவில்லை. எதிரில் நாற்பத்தாறு வயது மாணவி, பக்கத்தில் இருபத்து மூன்று வயது பாதுகாவலர். விதிப் புத்தகத்தில் மாணவிக்கு மேல் வயது வரம்பு எதுவும் எழுதியிருக்கவில்லை. எழுத வேண்டிய அவசியம் வரும் என்று அதை எழுதியவருக்குத் தோன்றியிருக்காது.

"அம்மாவைக் கொஞ்சம் பாத்துக்குங்க மேடம்," என்றாள் அக்ஷயா. "புது இடம். யாரோடயும் சட்டுனு பழக மாட்டாங்க."

"நீ ஹாஸ்டல் சேர்ந்தப்போ நான் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்றியா?" என்று குசுமாவதி மகளின் தோளில் தட்டினார்.

கீழ்பென்னாத்தூருக்கு அப்பால் ஒரு சிற்றூர் அவருடையது. தமிழ்ச் சமணர்களான பழைய நயினார் குடும்பங்கள் கொஞ்சம், அவர்களுக்கென்று ஒரு ஜினாலயம், சுற்றிலும் நெல்லும் மணிலாக் கடலையும். குசுமாவதி பி.எஸ்சி. கணிதம் முடித்த கையோடு கல்யாணம் ஆகி அந்த ஊருக்கு வந்தார். மேலே படிக்க யாரும் தடை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். ஒருவரும் தடுக்காமலே ஒரு விருப்பம் கைநழுவிப் போகும். அப்படிப் போவதற்குக் குற்றவாளி கிடைப்பதில்லை. அக்ஷயா வேலைக்காகச் சென்னைக்குப் போன பிறகு அவர் பழைய பாடப்புத்தகத்தை எடுத்து, சமையலறை மேடையில் வைத்துக் கணக்குப் போட ஆரம்பித்தார். கணவர் அப்பாண்டைராஜ் சில நாள் பார்த்தார்.

"குசுமா, சாம்பார் ரெண்டு நாளா தீயுது. நீ காலேஜுக்கே போயிடேன். சாம்பாராவது தப்பிக்கும்."

அவர் விளையாட்டாகச் சொன்னாரா என்று குசுமாவதி கேட்கவில்லை. அடுத்த வாரம் திருவண்ணாமலைக்குப் போய் எம்.எஸ்சி.க்கு விண்ணப்பித்துவிட்டு வந்தார்.

முதல் பருவம் பஸ்ஸில் கழிந்தது. ஊரிலிருந்து கீழ்பென்னாத்தூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை. பௌர்ணமி வந்தால் கிரிவலக் கூட்டத்தில் பஸ் கிடைக்காது. கிடைத்தாலும் ஊருக்கு வெளியிலேயே இறக்கிவிடுவார்கள். கார்த்திகை தீபத்தின்போது கல்லூரிப் பக்கமே வர முடியவில்லை. வருகைப் பதிவு குறைந்தது. அடுத்த பருவமும் இப்படியே போனால் தேர்வு எழுத முடியாது என்று துறைத்தலைவர் சொல்லிவிட்டார். அவர் சொன்ன முறை மென்மையாக இருந்தது. அதனால் அதில் மாற்றமிருக்காது என்பது நன்றாகப் புரிந்தது.

ஆகவே ஓர் அறை வேண்டும். கணவனும் மனைவியும் தேடிப் புறப்பட்டார்கள். செங்கம் சாலையில் ரமணாசிரமத்தை ஒட்டிய தெருக்களில் அறைகள் நிறைய இருந்தன. "சீசன்ங்க. மார்ச் வரைக்கும் வெள்ளைக்காரங்க புக் பண்ணிட்டாங்க," என்றார் ஒரு வீட்டுக்காரர். "நீங்க தியானத்துக்கா வந்திருக்கீங்க?" வேங்கிக்காலில் புதிதாகக் கட்டிய வீட்டின் மாடி காலியாக இருந்தது. அதன் சொந்தக்காரர், "பேமிலியா, பேச்சிலரா?" என்று கேட்டார்.

"ஸ்டூடண்ட்," என்றார் குசுமாவதி.

வீட்டுக்காரர் அப்பாண்டைராஜைப் பார்த்தார். "இவரு?"

"பேரண்ட்னு வெச்சுக்குங்க," என்றார் அப்பாண்டைராஜ். மாடி கிடைக்கவில்லை. ஆனால் திரும்பும் வழியெல்லாம் இருவரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். மிஞ்சியது கல்லூரி வளாகத்துக்குள் இருந்த மாணவியர் விடுதி.

அறையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு கட்டில்கள், இரண்டு மேசைகள், முனகும் ஒரு மின்விசிறி, முழுதாகச் சாத்திக்கொள்ளாத ஒரு ஜன்னல். இன்னொரு கட்டில் ஆர்த்தியுடையது. செங்கம் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண், இரண்டாம் ஆண்டு பி.காம். குசுமாவதி பெட்டியோடு உள்ளே நுழைந்ததும் அவள் போனை எடுத்துக்கொண்டு வெளி வராந்தாவுக்குப் போனாள். சாத்தாத ஜன்னல் வழியே அவள் குரல் உள்ளே வந்தது.

"ம்மா, ரூம்ல ஒரு அம்மாவைப் போட்டுட்டாங்கம்மா! வீட்லதான் நீ இருக்கற. இங்கயும் ஒண்ணா?"

மறுநாள் காலை அவள் பயம் தீர்ந்தது. குசுமாவதி எழுந்தார், குளித்தார், புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார். போர்வை கட்டிலில் சுருண்டபடியே கிடந்தது.

"ஆன்ட்டி, போர்வையை மடிக்கலியா?"

"வீட்ல இத்தனை வருஷமா எல்லார் போர்வையும் நான்தான் மடிச்சேன். இங்க ஒண்ணே ஒண்ணு. அது அப்படியே கெடக்கட்டும்."

அன்றிலிருந்து அவர் ஆர்த்திக்கு அக்காவானார்.

குசுமாவதிக்கு அந்த அறை பிடித்துப்போனதற்குக் காரணம் அதன் வசதி இல்லை. மேசையில் வைத்த பேனா மாலையில் வைத்த இடத்திலேயே இருந்தது. கணக்கின் நடுவில் யாரும் வந்து எண்ணெய் எங்கே என்று கேட்கவில்லை. பெரிய வீட்டை ஆள்பவருக்கும் அதில் ஒரு மூலை சொந்தமாக இருப்பதில்லை என்பது இந்தச் சிறிய அறைக்கு வந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

சிக்கல் மெஸ்ஸில் இருந்தது.

பாத்திரக் கடையில் பெயர் வெட்டுவதுபோல, விடுதித் தட்டு ஒவ்வொன்றிலும் கட்டில் எண் வெட்டியிருந்தது. இரவு ஏழரை மணிக்கு மணியடித்ததும் ஒவ்வொருத்தியும் தன் தட்டை அடுக்கிலிருந்து எடுத்துக்கொள்வாள். பந்தி முடியும்போது கஸ்தூரி அடுக்கைப் பார்ப்பார். எந்தத் தட்டு மிஞ்சியிருக்கிறதோ அந்தக் கட்டிலுக்குரியவள் விடுதியில் இல்லை. வருகைப் பதிவே அதுதான். முன்பு ஒருமுறை ஒரு பெண் ஊருக்குப் போனது மறுநாள் வரை யாருக்கும் தெரியாமல் போக, அப்போது ஏற்படுத்திய ஏற்பாடு. தொடர்ந்து தட்டு எடுக்காதவளின் இடம் காத்திருப்பில் உள்ள அடுத்தவளுக்குப் போய்விடும்.

குசுமாவதி பொழுது சாய்ந்த பின் சாப்பிடுவதில்லை. அவர் வீட்டில் யாருமே சாப்பிடுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத உயிர் எதுவும் உணவோடு போய்விடக் கூடாது என்று தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். அதற்காக அவர் யாரிடமும் சலுகை கேட்கவில்லை. மாலையில் சமையற்கட்டுக்குப் போவார். சமையல்கார பாஞ்சாலை மதியச் சோற்றில் கொஞ்சம் எடுத்து வைத்திருப்பார். பின்பக்கத் துவைக்கும் கல்லில் உட்கார்ந்து, மேற்கே பார்த்தபடி சாப்பிட்டு, தட்டைக் கழுவி அடுக்கில் வைத்துவிடுவார். மணியடிக்கும்போது அந்தத் தட்டு அங்கேயே இருக்கும்.

இதில் இன்னொரு வம்பும் சேர்ந்தது. அவர் ஊரில் சூரியன் வயலின் விளிம்பில், எல்லோரும் பார்க்க, நிதானமாக இறங்கும். இங்கே மேற்கே மலை நின்றது. மார்கழி மாதத்தில் பொழுது இருக்கும்போதே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். விடுதி முழுவதும் நிழல் கவிந்துவிடும். நாள்காட்டியில் அஸ்தமனம் இன்னும் தள்ளித்தான் போட்டிருந்தது. அது அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் வெயிலைக் கண்ணால் பார்க்காமல் சோற்றில் கைவைத்துப் பழக்கமில்லை, கை வரவில்லை. வகுப்பு நீண்ட நாட்களில் அவர் ஓடிவருவதற்குள் மலை முந்திக்கொள்ளும். அன்று பட்டினி.

"இன்னாம்மா இது அநியாயம்!" என்பார் பாஞ்சாலை. "அண்ணாமலையாரு உங்க சோத்துல போயி கைய வெக்கறாரே."

"அவரு வெக்கலை பாஞ்சாலை. நாந்தான் லேட்டு."

"அக்கா, பேசாம எடுத்துச் சாப்பிடுங்க. போன்ல டைம் போட்டிருக்குது பாருங்க," என்று ஆர்த்தி போனை நீட்டுவாள். குசுமாவதி தலையாட்டிவிட்டுப் புத்தகத்தைத் திறப்பார். மண்ணுக்கடியில் விளைவது என்று அவர் தள்ளிவைக்கும் உருளைக்கிழங்கை மதியத்தில் வாங்கிக்கொள்வதில் ஆர்த்திக்கு மகிழ்ச்சி இருந்தது. இந்தப் பட்டினியில் அவளுக்கு எந்த லாபமும் இல்லை. ஆதலால் அவளுடைய வருத்தம் உண்மையானது.

ஒருநாள் இரவு அவளே குசுமாவதியின் தட்டையும் சேர்த்து எடுத்து, தன் தட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். விஷயம் தெரிந்ததும் குசுமாவதி மெஸ்ஸுக்கு இறங்கிப் போய்த் தட்டைத் திரும்ப அடுக்கில் வைத்தார்.

"நான் சாப்பிடாத சாப்பாட்டை சாப்பிட்டதா காட்டறது பொய்யில்லையா?"

"சின்னப் பொய்க்கா."

"சைஸ் பாத்தா பொய்யைப் பிரிப்பாங்க?"

மாதக் கடைசியில் கஸ்தூரி அவரை அழைத்தார். நாற்காலியைக் காட்டி, அவர் உட்கார்ந்த பிறகே தானும் உட்கார்ந்தார்.

"நீங்க ரூம்லதான் இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்மா. ஆனா ஹாஸ்டல் கமிட்டிக்கு நான் தட்டுக் கணக்குதான் தரணும். தட்டு எடுக்காத உங்களுக்கு நான் டிக் போட்டா, நாளைக்கு சினிமாவுக்குப் போனவளும் வந்து டிக் கேப்பா. வெறும் தட்டையாவது எடுத்துட்டுப் போங்களேன்."

"பாஞ்சாலை தட்டு எண்ணிக்கையைப் பாத்துதாங்க மேடம் மறுநாள் அரிசி போடறாங்க. நான் வெறும் தட்டை எடுத்தா ஒரு ஆள் சோறு தெனமும் குப்பைக்குப் போவும்."

இரண்டு பேரும் சொன்னது சரி. சரியான இரண்டு விஷயங்கள் ஒன்றோடொன்று மோதும்போது உரக்கப் பேசிப் பயனில்லை என்பது இருவருக்குமே தெரிந்திருந்தது.

"பௌர்ணமி கழிச்சு கமிட்டி கூடுது," என்றார் கஸ்தூரி கடைசியாக. "வெயிட்டிங்ல ஆளுங்க ஜாஸ்தி. என்னால எவ்வளவு சொல்ல முடியுமோ சொல்றேன்."

அன்று மாலை பாதுகாவலருக்கும் ஒரு போன் போனது. "உங்கம்மா இங்க நைட்டு சாப்பிடறதே இல்லைங்க," என்றார் கஸ்தூரி. அக்ஷயா சிரித்துவிட்டு, பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவங்க மாத்திக்க மாட்டாங்க மேடம். ஆனா அந்த ரூம் போச்சுன்னா படிப்பும் போயிடும்," என்றாள்.

குசுமாவதிக்கும் அது தெரியும். அறை போனால் மீண்டும் பஸ், மீண்டும் வருகைக் குறைவு, தேர்வு இல்லை. அன்று அவர் ஒரே கணக்கின் ஒரே வரியில் வெகுநேரம் நின்றார். புத்தகத்தை மூடியபோது, போர்வையை எடுத்து முதல் முறையாக மடித்து வைத்தார். ஆர்த்திக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அவள் எழுந்து போய் அதைக் கலைத்துவிட்டு வந்து படுத்தாள்.

பௌர்ணமி வந்தது. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் பாஞ்சாலையும் மற்ற சமையல்காரப் பெண்களும் கிரிவலம் போவார்கள். ஆகையால் அன்று மட்டும் இரவுச் சாப்பாடு மாலையிலேயே தயாராகிவிடும் என்பது விடுதியில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். குசுமாவதிக்கு இது விடுதியில் முதல் பௌர்ணமி. வகுப்பு முடிந்து வந்து புத்தகத்தை மேசையில் வைத்தபோது சாப்பாட்டு மணி அடித்தது. ஜன்னலில் வெயில் இருந்தது.

"அக்கா! வெயில்லயே மணி அடிச்சுட்டாங்க!" என்று ஆர்த்தி கத்தினாள். அவளை முந்திக்கொண்டு குசுமாவதி படியிறங்கினார்.

அடுக்கிலிருந்து தன் தட்டைத் தானே எடுத்துக்கொண்டார். பந்தியில் உட்கார்ந்தார். சுற்றிலும் பெண்களின் சத்தம், யாரோ யாருடைய அப்பளத்தையோ பிடுங்கினார்கள். எலுமிச்சம்பழச் சாதமும் சேமியாப் பாயசமும் வந்தன. பாஞ்சாலை அவர் தட்டில் சாதம் வைத்துக்கொண்டிருக்கும்போது, எதிர்ச் சுவரில் இருந்த வெயில் மெல்ல மேலேறி, மேலேறி, இல்லாமல் போனது. மலை மறைத்துவிட்டது. நிழல் மெஸ் முழுவதும் படிந்தது.

குசுமாவதி நீட்டிய கையைப் பின்னிழுத்துக்கொண்டார்.

வாசலில் நின்றிருந்த கஸ்தூரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஒரு கரண்டி முந்தியிருந்தா சரியாப் போயிருக்குமே," என்று பாஞ்சாலை தன்னையே திட்டிக்கொண்டார்.

ஆர்த்தியைக் காணவில்லை. படிக்கட்டில் தடதடவென்று யாரோ ஓடும் சத்தம் கேட்டது. பிறகு மொட்டை மாடியிலிருந்து அவள் குரல் விடுதி முழுவதும் கேட்டது.

"அக்கா! மேல வாங்க! கிழக்கால வெயில் அடிக்குது!"

குசுமாவதி படியேறினார். பின்னாலேயே கும்பல். மாடியும் நிழலில்தான் இருந்தது. ஆனால் கிழக்கே, மலையின் நிழல் எட்டாத தூரத்தில், வயல்கள் மஞ்சளாக மின்னின. தென்னைகளின் உச்சியில், ஏதோ ஊரின் தண்ணீர்த் தொட்டியில், எல்லாவற்றிலும் வெயில். அந்தத் திசையில்தான் அவர் ஊர். அவர் போனை எடுத்தார்.

"என்னங்க, அங்க வெயில் இருக்குதா?"

"இருக்குதே," என்றார் அப்பாண்டைராஜ். "களத்துல நெல்லு காயுது. இன்னும் வாரலை. ஏன்?"

"நீங்க சாப்ட்டாச்சா?"

"இப்பதான் தட்டு போட்டு உக்காரப்போறேன்."

"அப்ப நானும் உக்கார்றேன்."

போனை வைத்துவிட்டு அவர் சிரிக்க ஆரம்பித்தார். மலையின் உயரமும் விடுதிக்கும் மலைக்கும் உள்ள தூரமும் தெரிந்தால் மலை எவ்வளவு முன்கூட்டியே சூரியனை மறைக்கிறது என்று பள்ளிப் பிள்ளைகூட ஒரு முக்கோணம் போட்டுக் கண்டுபிடித்துவிடும். அவர் எம்.எஸ்சி. கணிதம் படிக்கிறார். இத்தனை நாள் பட்டினி கிடந்தது சூரியனுக்காக அல்ல, ஒரு முக்கோணத்துக்காக. அதை நினைக்க நினைக்கச் சிரிப்பு அடங்கவில்லை. எண்ணால் தெரிந்திருந்தும் நகராத கை, அந்த மஞ்சள் வயலைப் பார்த்ததும் நகர்ந்தது. அறிவு என்று நாம் சொல்லிக்கொள்வது பல நேரம் இப்படிக் கண்ணுக்காகக் காத்து நிற்கிறது.

"மேலயே சாப்பிடலாம்!" என்று யாரோ சொன்னார்கள். தட்டுகளும் குண்டான்களும் மாடிக்கு ஏறின. முட்டி இடிக்கும் நெருக்கத்தில் எல்லோரும் கிழக்கே பார்த்து உட்கார்ந்தார்கள். குசுமாவதி முதல் வாயை எடுத்து வைத்தபோது மாடியே கைதட்டியது. அவருக்கு வெட்கமாக இருந்தது. இரண்டாவது முறை பாயசம் கேட்டு வாங்கினார். அதற்கும் கைதட்டினார்கள். அவர் சாப்பிட்டு முடித்த வேளையில் வயல்களின் வெயில் மங்கியது. அதே இடத்திலிருந்து நிலா பெரிதாக, சற்றுச் சிவந்து மேலே வந்தது.

கீழே கஸ்தூரி அடுக்கின் முன் நின்றிருந்தார். அடுக்கு காலி. ஒரு தட்டுகூட மிஞ்சவில்லை.

"தெனமும் இப்டி பொழுதோட ஆக்கினா நானும் பொழுதோட வீட்டுக்குப் போவேன்," என்றார் பாஞ்சாலை, கிரிவலத்துக்குப் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியபடி.

"ஐயோ, பத்து மணிக்குப் பசிக்கும்!" என்றாள் ஆர்த்தி.

"உனக்கு எப்பதான்டி பசிக்கலை?"

கஸ்தூரி யோசித்தார். சோறும் குழம்பும் முன்கூட்டியே. டிபன் வேண்டியவர்களுக்கு வழக்கம்போல ஏழரைக்கு. ஒருநாள் சாயங்காலம் செய்ய முடிகிறது என்றால் தினமும் முடியாமல் போகக் காரணமில்லை. அவர் அதைத்தான் கமிட்டியிலும் சொன்னார். அங்கே கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது. மாலையில் விளையாட்டுப் பயிற்சிக்குப் போகும் பெண்களுக்கும் இது உதவும் என்று ஒருவர் சொன்ன பிறகு அது அடங்கியது. பெரிய புரட்சி எதுவும் நடந்துவிடவில்லை. அடுப்பைக் கொஞ்சம் முந்திப் பற்றவைத்தார்கள், அவ்வளவுதான். காத்திருந்தவளுக்கு வேறொரு கட்டில் சீக்கிரமே காலியானது. குசுமாவதியின் கட்டில் குசுமாவதியிடமே இருந்தது.

புது ஏற்பாட்டில் கஸ்தூரிக்குப் புதுத் தலைவலி வந்தது. முதல் வாரம், விடுதியில் இருப்பவர்களைவிடச் சாப்பிட்டவர்கள் ஒருவர் ஜாஸ்தியாகக் கணக்கில் வந்தார்கள். பாஞ்சாலைதான் பிடித்தார்.

"இந்தா பாருங்க மேடம், ஒரே தட்டு, ரெண்டு பந்தி!"

ஆர்த்தி வாயில் இட்லியோடு நின்றாள். "அக்காவுக்குத் துணைக்கு உக்காந்தேன் மேடம். சும்மா உக்காந்தா நல்லா இருக்காதேன்னு..."

பங்குனி கழிந்தது. சூரியன் மலையை விட்டு வடக்கே நகர்ந்து, வேங்கிக்கால் கூரைகளுக்கு மேலே, மறைப்பதற்கு எதுவுமின்றி இறங்க ஆரம்பித்தது. இப்போது துவைக்கும் கல்லிலிருந்தே அதைக் கடைசி வரை பார்க்கலாம். இருந்தாலும் குசுமாவதியும் ஆர்த்தியும் இன்னும் நாலைந்து பேரும் தட்டோடு மாடிக்குத்தான் போனார்கள். வருகை போதுமான அளவு இருந்தது. ஹால் டிக்கெட் வந்தது.

அன்று பாதுகாவலர் சென்னையிலிருந்து வார்டனுக்கு போன் செய்தாள்.

"அம்மா எப்படிப் படிக்கிறாங்க மேடம்?"

"நல்லா படிக்கறாங்க. சாப்பாடும் நேரத்துக்கு முடிஞ்சுடுது." கஸ்தூரி அப்போதுதான் அறைகளைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். "ஒரே ஒரு கம்ப்ளைண்ட். போர்வையை மடிச்சே வைக்கறதில்ல. பாத்துப் பாத்து அந்த ரூம்ல இன்னொருத்தியும் மடிக்கறதை விட்டுட்டா."

"நான் சொன்னா கேக்க மாட்டாங்க," என்றாள் அக்ஷயா. "நீங்களே திட்டுங்க மேடம்."